சமீபத்தில் பார்த்த சில படங்களும் நம் சபையும்



"ஏனுங்கய்யா, நீங்களும் சினிமாவுக்குப் போவீங்களா?" என்று என்னிடம் கேட்பவர்கள் நம் சபையில் இரண்டு வகையினர். வாலிபர் 'ஆம்' என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்கிறார்கள். பெரியவர்கள் 'இல்லை' என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்கிறார்கள். இரு சாராருக்கும் என் பதில் ஒன்றுதான். போவதுண்டு. மாதம் ஒரு படம். லெந்து நாட்களில் அதுவும் இல்லை. இறையியல் கல்லூரியில் எனக்கு எபிரெயமும் கிரேக்கமும் கற்பித்தார்கள். ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் கற்பிக்கவில்லை. ஆகவே கீழே எழுதியிருப்பதை விமர்சனம் என்று கொள்ள வேண்டாம். டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்த்த ஒருவனின் கருத்து, அவ்வளவே.

பெரியவர்களின் தயக்கம் எனக்குப் புரியாததன்று. சினிமாக் கொட்டகைக்குப் போனவன் திருவிருந்துக்கு வரக் கூசிய காலத்தில் வளர்ந்தவர்கள் அவர்கள். ஆயினும் நம் ஊரின் சினிமா வரலாற்றைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தென்படும். கோயமுத்தூரில் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்ற கிறிஸ்தவர் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்தார். 1905இல் டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியையும் படச் சுருள்களையும் விலைக்கு வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். அந்தச் சுருள்களில் முக்கியமானது இயேசுவின் வாழ்க்கையைக் காட்டும் படம். 1914இல் அவர் இங்கே கட்டிய வெரைட்டி ஹாலைத்தான் தென்னிந்தியாவின் முதல் நிரந்தரத் திரையரங்கு என்று பலரும் குறிப்பிடுகிறார்கள். பிற்காலத்தில் அது டிலைட் திரையரங்கம் ஆயிற்று. வெரைட்டி ஹால் ரோடு என்று நாம் இன்றும் சொல்லும்போது அந்தக் கொட்டகையைத்தான் சொல்கிறோம். சபை சினிமாவுக்குப் போகக் கூடாதென்று பேசத் தொடங்குவதற்கு முன்பே, நம் ஊர்க்காரர் ஒருவர் ஆண்டவரின் கதையைக் கூடாரத்தில் வைத்துக் காட்டிவிட்டார்.

பிள்ளைகளைப் படத்துக்கு அனுப்பும் முன் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. முத்தக் காட்சி உண்டா? குடிக்கிறார்களா? ஆபாசமான பாட்டு உண்டா? நியாயமான கேள்விகள்தாம். ஆனால் இவற்றோடு வேறொன்றையும் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். இந்தப் படம் எதற்காக நம்மைக் கைதட்டச் சொல்கிறது?

2025 ஆகஸ்ட் 14 அன்று வெளியான 'கூலி'யை எடுத்துக்கொள்வோம். இயக்குநர் லோகேஷ் கனகராஜ் நம் கிணத்துக்கடவுக்காரர். ராஜசேகராக நடித்த சத்யராஜும் கோயமுத்தூர்க்காரரே. ஆகவே ஊர் உரிமையோடு பேசுகிறேன். ராஜசேகர் ஓர் இயந்திரம் செய்கிறார். நாற்காலி போன்ற அந்தத் தகனக் கருவி ஓர் உடலைச் சில கணங்களில் சாம்பலாக்கிவிடும். கொலைகாரர்கள் அதை அறிந்து, தாங்கள் கொன்றவர்களின் உடல்களை எரித்துக் கொடுக்கும்படி அவரைக் கட்டாயப்படுத்துகிறார்கள். பம்புசெட்டும் கிரைண்டரும் செய்து நாடெங்கும் அனுப்பும் ஊரின் பக்கத்தில் பிறந்தவருக்கு இப்படியோர் இயந்திரம் தோன்றியதில் வியப்பில்லை! அந்த ஒரு கருவுக்குள் ஒரு பெரிய கதையே இருக்கிறது. தன் கைத்திறனால் ஆன பொருள் பாவத்தை மறைக்கப் பயன்படுவதைத் தினந்தோறும் பார்க்கிற மனிதன் இரவில் எப்படி உறங்குவான்? படத்துக்கு அதைக் கேட்க நேரமில்லை. அடுத்த சண்டைக்கு விரைகிறது. நான் இருந்த அரங்கில் ஒவ்வோர் உடல் விழும்போதும் விசில் பறந்தது. விழுந்தவன் யார், எதற்காக விழுந்தான் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டிருந்தால் அவருக்கும் தெரிந்திராது.

அந்தப் படத்துக்கு 'ஏ' சான்றிதழ் தரப்பட்டது. அதாவது பதினெட்டு வயது நிரம்பாதவர்களை அரங்குக்குள் விடக் கூடாது. தயாரிப்பு நிறுவனம் சான்றிதழை மாற்றக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது; நீதிமன்றம் மறுத்துவிட்டது. "ரஜினி படத்துக்கே புள்ளைகளை உள்ள விட மாட்டேங்கறாங்க" என்று நம் சபையில் சிலர் குறைபட்டுக்கொண்டார்கள். நான்கே வாரங்களில் அதே படம் வீட்டுத் தொலைக்காட்சிக்கு வந்தது. நம் வீட்டு வரவேற்பறையில் டிக்கெட் கிழிப்பவர் யாரும் நிற்பதில்லை. பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று: 'யுஏ' என்று பொதுவாக இருந்த சான்றிதழ் 2024ஆம் ஆண்டின் விதிகளின்படி யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. சுவரொட்டியின் மூலையிலேயே அச்சிட்டிருக்கும். பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இதே இயக்குநரின் 'கைதி' (2019) எனக்குப் பிடித்திருந்தது என்றால் சிலர் முரண் என்பார்கள். அதிலும் இரவெல்லாம் அடிதடிதான். கடைசியில் துப்பாக்கிதான் பேசுகிறது. ஆயினும் சிறையிலிருந்து வந்த அந்தத் தகப்பன், முகம் பார்த்திராத மகளுக்கென்று வாங்கிய கம்மலைக் கையில் வைத்திருக்கிறான். அவன் அடிக்கும்போதெல்லாம் அந்தக் கம்மல் என்ன ஆகுமோ என்ற கவலைதான் எனக்கிருந்தது. 'கூலி'யில் அப்படிக் கவலைப்பட ஒரு பொருளும் எனக்குக் கிடைக்கவில்லை.

வேறு சில படங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'லப்பர் பந்து' (2024) கிரிக்கெட் படம் என்று எண்ணிப் போனேன். ஆண்களின் வீம்பை வீட்டுப் பெண்கள் எப்படிச் சுமக்கிறார்கள் என்ற படமாக இருந்தது. நம் சபைக் கமிட்டி உறுப்பினர்கள் கட்டாயம் பார்க்கலாம். 'மெய்யழகன்' (2024) மிக நீளம் என்று பலரும் சொல்ல, வெளியான சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடங்களை வெட்டினார்கள். நீளம் என்ற குற்றச்சாட்டை ஞாயிறுதோறும் கேட்பவன் என்ற முறையில் எனக்கு அந்தப் படத்தின்மேல் தனி இரக்கம் உண்டு. தன்மேல் இவ்வளவு அன்பு வைத்திருக்கிறவனின் பெயர் நினைவுக்கு வராமல் ஒருவன் தவிக்கிறான் அல்லவா, அந்தத் தவிப்பு ஆலய வாசலில் நின்று கைகொடுக்கும் எல்லா ஆயர்களுக்கும் தெரிந்ததுதான். 'டிராகன்' (2025) பொய்ச் சான்றிதழ் கொடுத்து வேலையில் சேர்ந்தவனின் கதை. முதல் பாதி எனக்கு ஒவ்வவில்லை. ஆனால் தன் பொய்யைத் தானே ஒப்புக்கொண்டு வேலையை இழந்து, வேறு பிழைப்புத் தேடும் நாயகனை நம் வாலிபர்கள் கொண்டாடியதைக் கண்டு மகிழ்ந்தேன். மனந்திரும்புதலுக்கு விலை உண்டென்பதை அந்தப் படம் ஒளிக்கவில்லை.

'அமரன்' (2024) பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். தமிழ் சினிமாவில் கிறிஸ்தவர் என்றால் நெடுங்காலம் ஒரே அச்சுத்தான். கடத்தல்காரனின் கையாள் ராபர்ட், கிளப்பில் ஆடும் லில்லி, அல்லது வெள்ளை அங்கி அணிந்து தலையசைக்கும் பாதிரியார். சீர்திருத்தச் சபை ஆலயத்துக்குள்ளும் பாவசங்கீர்த்தனக் கூண்டைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். அந்த வழக்கத்திலிருந்து விலகி, மேஜர் முகுந்த் வரதராஜனின் மனைவி இந்து ரெபேக்கா வர்கீஸை முழு மனுஷியாக நம் முன் நிறுத்தியது இந்தப் படம். அவராக நடித்த சாய் பல்லவி நம் கோவையில் வளர்ந்தவர். 2014 ஏப்ரலில் முகுந்த் காஷ்மீரில் வீரமரணம் அடைந்தார். அடுத்த ஆண்டு குடியரசு நாளில் அவருக்குரிய அசோகச் சக்கர விருதை இந்து பெற்றுக்கொண்டார். அந்தப் பெண்ணின் துக்கத்தை அலறலாக்காமல் காட்டியிருக்கிறார்கள். காஷ்மீர் மக்களையும் அதே கவனத்தோடு காட்டியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அவர்கள் பெரும்பாலும் கூட்டமாகவே வந்து போகிறார்கள்.

இனி, என்னை உறங்கவிடாத இரண்டு படங்கள்.

முதலாவது 'டூரிஸ்ட் ஃபேமிலி'. 2025 மே முதல் தேதி வெளியானது. இலங்கையில் பிழைக்க வழியற்ற தர்மதாஸ், மனைவி, இரு மகன்களோடு படகேறி இராமேஸ்வரம் கரையில் இறங்குகிறார். சென்னையில் ஒரு குடியிருப்பில் வாடகைக்கு வருகிறார்கள். பேச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் வாய் திறக்க அஞ்சுகிறார்கள். பக்கத்து வீட்டாரை ஏறிட்டும் பாராத அந்தத் தெருவில், மறைந்து வாழ வேண்டிய இவர்களே எல்லாருடைய வீட்டுக் கதவையும் திறந்துவிடுகிறார்கள். இறுதியில் காவல்துறை தேடி வரும்போது தெருவே திரண்டு அவர்களை மறைக்கிறது. நம் சபையில் பாதிப் பேராவது பார்த்திருப்பீர்கள். அழுதோம் என்று பலர் சொன்னீர்கள். நானும் கைக்குட்டையைத் தேடினேன்.

கதை கற்பனையாயினும் அதன் முதல் காட்சி கற்பனையன்று. 2022 மார்ச்சில் இலங்கையின் பொருளாதாரம் நொறுங்கியபோது தனுஷ்கோடி மணல்திட்டுகளில் குழந்தைகளோடு குடும்பங்கள் வந்திறங்கின. 1983 முதல் வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தமிழ்நாட்டின் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இருக்கிறார்கள். 2021இல் அவற்றுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று அரசு பெயர் மாற்றியது. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, திருமணமும் முடித்து, இன்னும் குடியுரிமை இல்லாதவர்கள் அங்கே உண்டு. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களையே கருத்தில் கொண்டது; இலங்கையிலிருந்து வந்தவர்கள் அதில் இல்லை. இவையெல்லாம் எங்கோ நடப்பவை அல்ல. சிறுவாணிச் சாலையில் போகும்போது நாம் கடக்கும் பூலுவபட்டியில் ஒரு முகாம் இருக்கிறது. பவானிசாகரில் இன்னொன்று. அணை பார்க்க எத்தனை முறை போயிருப்போம்!

படத்தில் எனக்கு ஒரு குறையும் உண்டு. தர்மதாஸ் குடும்பம் மிகவும் நல்ல குடும்பம். கோபமே வராது, எல்லாருக்கும் உதவும், யாரையும் ஏமாற்றாது. அவ்வளவு நல்லவர்களாக இருப்பதால்தான் தெரு அவர்களை ஏற்றுக்கொள்கிறதோ என்ற ஐயம் எனக்கு எழுந்தது. முன்கோபக்காரராக, கொஞ்சம் கடன் வைப்பவராக, இரவில் சத்தம் போடுபவராகத் தர்மதாஸ் இருந்திருந்தால்? நல்ல சமாரியன் உவமையை மறுபடி வாசித்துப் பார்த்தேன். லூக்கா 10ஆம் அதிகாரம். வழியில் குற்றுயிராய்க் கிடந்தவன் நல்லவனா, என்ன தொழில் செய்தான், என்ன இனம் என்று ஒரு சொல்கூட அங்கே இல்லை. அவன் கிடந்தான், அவ்வளவுதான் சொல்லப்பட்டிருக்கிறது.

இதை நான் ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்று உங்களில் சிலருக்குத் தெரியும். திருப்பூரின் பனியன் கம்பெனிகளிலும் நம் ஊர் ஃபவுண்டரிகளிலும் வேலை செய்யும் ஒடியா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள் குடியிருப்பது நம் லைன் வீடுகளில்தான். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்ற பொய்க் காணொளிகள் பரவியபோது எத்தனையோ பேர் பயந்து ரயிலேறினார்கள். பீகார் அரசு அதிகாரிகளை அனுப்பித் திருப்பூரிலும் கோவையிலும் விசாரித்தது. செய்தி பொய் என்று தெளிவாயிற்று. ஆனால் ஒரு பொய்யை அவ்வளவு எளிதாக நம்பும்படி அந்தப் பிள்ளைகளுக்கு இங்கே என்ன அனுபவம் இருந்தது? அதை யாரும் விசாரிக்கவில்லை. 'வடக்கத்தி ஆளுங்களுக்கு வீடு இல்லைங்க' என்று சொல்லும் விசுவாசிகள் நம்மில் இருக்கிறார்கள். கொடுப்பவர்களிலும் பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேரை வைத்துத் தலைக்கு இவ்வளவென்று வாங்குபவர்கள் இருக்கிறார்கள். நம் காலை ஆராதனையில் கடைசி வரிசையில் நான்கைந்து ஒடியா வாலிபர்கள் உட்கார்ந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பிரசங்கம் அவர்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆயினும் வருகிறார்கள். தர்மதாஸுக்காக அழுத நாம் அவர்களில் ஒருவரின் பெயரையாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது படம் உங்களில் அதிகம் பேர் பார்த்திராதது. பி. எஸ். வினோத்ராஜ் இயக்கிய 'கொட்டுக்காளி'. பெர்லின் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட பின் 2024 ஆகஸ்ட் 23 அன்று இங்கே வந்தது. பின்னணி இசை கிடையாது. "படமாங்க இது, பாட்டும் இல்ல ஒண்ணும் இல்ல" என்று என்னோடு வந்தவர் சலித்துக்கொண்டார். மதுரைப் பக்கத்தில் நடக்கும் கதை. மீனா என்ற பெண் வேறு சாதிப் பையனை விரும்புகிறாள். அவளுக்கு ஏதோ பிடித்துவிட்டது, மந்திரித்துவிட்டார்கள் என்று குடும்பத்தார் தீர்மானித்து, ஒரு சாமியாரிடம் அழைத்துச் செல்கிறார்கள். ஓர் ஆட்டோ, சில இருசக்கர வண்டிகள், பலி கொடுக்க ஒரு சேவல். அவளை மணக்கவிருக்கும் பாண்டியும் கூட வருகிறான். படம் முழுவதும் அந்தப் பயணம்தான். மீனா ஏறக்குறைய ஒன்றும் பேசுவதில்லை. வழியில் அவள் வாய் ஒரு பாட்டை முணுமுணுப்பதைக் கண்டு பாண்டி வெறி கொண்டு அடிக்கிறான்; தடுக்க வந்தவர்களுக்கும் அடி விழுகிறது. கடைசியில் சாமியாரின் இடத்தில், தங்களுக்கு முன்னால் வந்த வேறொரு பெண்ணுக்கு அவர் என்ன செய்கிறார் என்று பாண்டி நின்று பார்க்கிறான். அங்கேயே படம் நின்றுவிடுகிறது.

இது நம் மண்ணுக்கு அந்நியமான கதையா? 2015இல் நாமக்கல் மாவட்டத்து ரயில் தண்டவாளத்தில் கோகுல்ராஜ் என்ற இளைஞரின் உடல் கிடந்தது. வேறு சாதிப் பெண்ணோடு கோயிலில் நின்று பேசியதைத் தவிர அவர் செய்தது ஒன்றுமில்லை. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தின் அருகே, பட்டப்பகலில், கௌசல்யாவின் கண் முன்பாகவே அவர் கணவர் சங்கர் வெட்டப்பட்டார். இரண்டும் நம் கொங்கு மண்ணில் நடந்தவை. 'அது அவங்க விவகாரம், நாம கிறிஸ்தவங்க' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். கிறிஸ்தவப் பத்திரிகைகளின் மணமகன், மணமகள் தேவை விளம்பரங்களை வாசித்துவிட்டு, பிறகு சொல்லுங்கள். ஞானஸ்நானம், இரட்சிப்பின் நிச்சயம், மாதச் சம்பளம் எல்லாம் எழுதிய பிறகு கடைசி வரியில் பிரிவின் பெயரும் இருக்கும்.

பெற்றோர் தங்கள் மகளோடு என் வீட்டுக்கு வருவதுண்டு. "ஐயா, புள்ளைக்காக ஜெபம் பண்ணுங்க. மனசு மாறோணும்." பெண் தரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். பையன் யார் என்று கேட்பேன். சில வேளைகளில் அவனும் திடப்படுத்தல் பெற்றவன். ஓய்வுநாள் பாடசாலையில் கற்பிப்பவன். நம் பாமாலையையே பாடுகிறவன். அந்நிய நுகத்தைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதப்பட்ட வசனத்தை எடுத்துக்கொண்டு வந்தவர்கள், பையன் விசுவாசி என்று தெரிந்ததும் அதை மடித்து வைத்துவிடுவார்கள். பிறகு, "நம்ம பழக்க வழக்கத்துக்கு ஒத்து வராதுங்க" என்பார்கள். அந்தப் பழக்க வழக்கம் என்ன என்று கேட்டால், அறையில் யாரும் பேச மாட்டார்கள்.

'கொட்டுக்காளி'யைப் பார்த்த நம் வாலிபர் ஐக்கியத்தார் சிலருக்கு முடிவு பிடிக்கவில்லை. பாண்டி என்னதான் செய்தான் என்று சொல்லியிருக்க வேண்டாமா என்று என்னோடு வாதிட்டார்கள். எனக்கு அந்தக் குறை தோன்றவில்லை. பாண்டியின் இடத்தில் நிற்கக்கூடிய தகப்பன்மாரையும் அண்ணன்மாரையும் நான் அறிவேன். நான் கவனித்துக்கொண்டிருந்தது உட்கார்ந்திருந்த அந்தச் சாமியாரை. அவர் யாரையும் வற்புறுத்தி அழைக்கவில்லை. குடும்பங்கள்தாம் வண்டி பிடித்து வருகின்றன.

ஆகவே ஒன்றை இங்கே எழுதி வைத்துவிடுகிறேன். வயதுவந்த இருவர் மணம் செய்துகொள்வதில் குடும்பமோ கூட்டமோ கூடித் தலையிடுவது சட்டவிரோதம் என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அப்படிப்பட்டவர்களின் பாதுகாப்புக்காக மாவட்டந்தோறும் தனிப்பிரிவு அமைக்கவும் அது உத்தரவிட்டது. என்னிடம் வருகிற பெண்ணுக்கு அதை நான் சொல்வேன். மனசு மாற வேண்டும் என்ற ஜெபத்தை அவள் தலைமேல் கை வைத்துச் செய்ய மாட்டேன். அழைத்து வாருங்கள், என் மனைவி தேநீர் கொடுப்பார். முதலில் அவள் சொல்வதைக் கேட்பேன், அவள் பேசி முடிக்கும் வரையில். அதுவரை நீங்கள் வெளியே திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.